மக்காச்சோளப் பயிரும் படைப்புழுவும்

உணவின்றி உயிரில்லை, உழவின்றி உணவில்லை. இவ்வுண்மையை அறியாதார் ஒருவரும் இலர். ஆயினும், உழவன் நிலத்திலிட்ட வித்து முளைத்து வளர்ந்து கதிரீன்று களத்தை வந்தடையுமுன் அதற்கு நேரும் இடையூறுகள் எத்துணை என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மழை பொய்த்தலும் வெள்ளம் பெருகுதலும் யாவரும் காணவரும் கேடுகள். காண வாராது, பயிரின் குருத்தினுள்ளே மறைந்திருந்து, ஊரார் உறங்கும் வேளையில் விளைவையுண்ணும் கேடும் உண்டு. அத்தகைய பகைகளுள் ஒன்று, 2018ஆம் ஆண்டில் நம் நாட்டினுட் புகுந்து, மக்காச்சோளம் விளைக்கும் உழவர் பல்லாயிரவரை மனங்கலங்கச் செய்தது. அதன் இயல்பையும், அதனின்று பயிரைக் காக்கும் நெறியையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் பயில்வார்க்குப் புழுவின் வரலாறு எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். பயிர்காத்தல் தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. குறிஞ்சித் திணையிலே தினைப்புனங் காக்கும் மகளிரை நாம் பாடந்தோறும் காண்கின்றோம். பரண்மீதிருந்து கவணும் தட்டையும் தழலும் கொண்டு அவர் கிளிகளை ஓட்டினர். அவர்தம் தொழிலின் உயிர்நிலை அக்கருவிகளில் இல்லை. இமையாது புனத்தை நோக்கிய கண்ணிலேயே இருந்தது. இன்றைய பகை வானிற் பறந்துவந்து கதிர்மேல் அமரும் கிளியன்று, கருவிகளும் மாறிவிட்டன. காவலின் உயிர்நிலையோ மாறவில்லை. இதனை மேல்வரும் செய்திகள் காட்டும்.

பயிரின் வரலாறு

மக்காச்சோளம் நம் நாட்டுத் தொல்பயிரன்று. ஏறக்குறைய 9000 ஆண்டுகட்கு முன்னர், மெக்ஸிகோ நாட்டுப் பழங்குடிகள் தியோசிந்தே என்னும் காட்டுப்புல் ஒன்றினின்றும் இதனைத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்த பின்னரே இப்பயிர் கடல் கடந்து பிற கண்டங்களிற் பரவலாயிற்று. இன்று இந்தியாவில் நெல்லுக்கும் கோதுமைக்கும் அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் தானியம் இதுவே.

தமிழ்நாட்டிற் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், திருப்பூர், விருதுநகர், தூத்துக்குடி முதலிய மாவட்டங்களில் இது பெரிதும் பயிராகின்றது. இவற்றுட் பல இடங்களில் இது வானம் பார்த்த பயிராகவே நிற்கின்றது. விளைந்த மணியில் மிகுதியும் கோழித் தீவனமாகின்றது. ஆகவே நம் விடுதி உணவறையில் இலையிலிடப்படும் முட்டைக்கும், எங்கோ ஒரு கரிசற்காட்டில் நிற்கும் மக்காச்சோளத் தட்டைக்கும் நெருங்கிய உறவுண்டு. அத்தட்டையிற் புழு விழுமாயின், விதைக்கும் உரத்திற்கும் கடன்பட்ட உழவன் முதலில் வருந்துவான். அவனுக்குப்பின் தீவனம் வாங்குவோரும், முட்டை வாங்குவோரும் அவ்விழப்பிற் பங்கு கொள்வர்.

பகையின் வருகை

பயிர் எந்நாட்டதோ, பகையும் அந்நாட்டதே. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளே படைப்புழுவின் தாயகம். 1797ஆம் ஆண்டில் ஜே. ஈ. ஸ்மித் என்னும் ஆங்கில இயற்கைநூல் அறிஞர் இதனை முதன்முதலாக விரித்தெழுதி இதற்குப் பெயரும் இட்டார். ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டா என்பது இதன் அறிவியற் பெயர். இப்பெயரின் பிற்பகுதி, விளைபலனைக் கெடுப்பது என இலத்தீன் மொழியிற் பொருள் தருவது. பெயரிட்டவர் இதன் செயலை நன்கறிந்தே பெயரிட்டனர் போலும்! படையெனத் திரண்டு ஒரு வயலை அழித்து மறுவயலுக்குச் செல்லும் இயல்புபற்றிப் படைப்புழு என்னும் பெயர் வழங்குகின்றது.

ஆங்கிலப் பெயரில் இலையுதிர்காலம் என்னும் அடைமொழியும் உண்டு. அதன் காரணம் அறியத்தக்கது. வட அமெரிக்காவின் கடுங்குளிரை இப்புழு தாங்காது. தென் ஃபுளோரிடாவிலும் தென் டெக்ஸாஸிலுமே மாரியைக் கழித்து உயிர்வாழும். வெப்பம் மிக மிக இதன் அந்துப்பூச்சிகள் வடக்கு நோக்கிப் பறந்து, தலைமுறை தலைமுறையாக முன்னேறி, இலையுதிர்காலத்தில் வடமாநிலங்களை எய்தும். பின்னர் உறைபனி வந்து அவற்றை அழித்துவிடும். அந்நாட்டார்க்கு உறைபனி ஊதியமின்றிக் காக்கும் காவலன். நம் தென்னாட்டிலோ அக்காவலன் இல்லை. பயிர் உள்ள காலமெல்லாம் புழுவும் உண்டு. ஓய்ந்துறங்கும் பருவம் இதற்கு இல்லை. இவ்வேறுபாட்டை நன்கு உளங்கொள்ளல் வேண்டும்.

பன்னெடுங்காலம் அமெரிக்காவைவிட்டு நீங்காதிருந்த இப்பூச்சி, 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிற் காணப்பட்டது. ஈராண்டிற்குள் அக்கண்டத்தின் பெரும்பகுதியிற் பரவிற்று. 2018ஆம் ஆண்டு மே மாதத்திற் கர்நாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்து மக்காச்சோள வயல்களில் இதனை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டினுள்ளும் புகுந்துவிட்டது. 2019இற் சீனத்திலும், 2020இல் ஆஸ்திரேலியாவிலும் இதன் வருகை அறிவிக்கப்பட்டது. அந்துப்பூச்சி காற்றின் துணைகொண்டு ஓரிரவில் 100 கிலோமீட்டர் அளவும் பறக்க வல்லது என்பதை அறியின், இவ்விரைவு நமக்கு வியப்பளியாது.

இழப்பின் பெருமையைக் காட்ட ஒரு கணக்குப் போதும். தடுப்புமுறை ஒன்றும் மேற்கொள்ளாவிடின், ஆப்பிரிக்காவில் 12 நாடுகளில் மட்டும் ஆண்டொன்றுக்கு 83 இலட்சம் டன் முதல் 206 இலட்சம் டன் வரை மக்காச்சோளம் அழியக்கூடும் என்று சி. ஏ. பி. ஐ. என்னும் பன்னாட்டு வேளாண் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் மதிப்பிட்டது.

புழுவின் வாழ்க்கை

பகையை வெல்லக் கருதுவான் முதற்கண் அதன் வலியும் மெலியும் அறிதல் வேண்டும். அந்துப்பூச்சி பகலில் மறைந்திருந்து இரவில் இயங்கும். பெண்பூச்சி இலைமீது ஒரு குவியலுக்கு 100 முதல் 200 வரையாக முட்டைகளை அடுக்கி, தன் உடலிலுள்ள மயிர்போன்ற செதில்களால் அவற்றைப் போர்த்துவிடும். ஒரு பூச்சி தன் வாழ்நாளில் 1500 முட்டைகள் வரை இடுவதுண்டு. வெப்பமான நாட்களில் இரண்டு மூன்று நாட்களுக்குள் முட்டை பொரித்துவிடும். வெளிவந்த இளம்புழுக்கள் இலையின் பசுமையைச் சுரண்டியுண்ணும். பின்னர் நூலிழை விட்டுத் தொங்கிக் காற்றில் அசைந்து பக்கத்துச் செடிகட்குப் பரவும்.

புழுப்பருவம் ஆறு நிலைகளையுடையது. வெப்பக் காலத்தில் இவை ஏறத்தாழ 14 நாட்களில் நிறைவெய்தும். வளர்ந்த புழு நிலத்தில் வீழ்ந்து, 2 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்திற் புதைந்து கூட்டுப்புழுவாகும். எட்டொன்பது நாட்களில் அதனின்றும் அந்துப்பூச்சி வெளிப்படும். இங்ஙனம் ஏறக்குறைய ஒரு திங்களில் ஒரு தலைமுறை முடிந்து மறுதலைமுறை தொடங்கிவிடும்.

ஈண்டு மிகவும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒரு புழு தன் வாழ்நாளில் உண்ணும் இலையனைத்தையும் 100 பங்காகக் கொள்வோம். அதில் முதல் மூன்று நிலைகளிலும் அது உண்பது 2 பங்கிற்கும் குறைவே. நான்காம் நிலையில் ஏறத்தாழ 5 பங்கும், ஐந்தாம் நிலையில் 16 பங்கும் உண்ணும். எஞ்சிய 77 பங்கையும் ஆறாம் நிலையாகிய இறுதிச் சில நாட்களில் உண்டு தீர்க்கும். ஆகவே நேற்றுவரை நலமாக நின்ற வயல் இன்று திடுமெனப் பாழாயிற்று என உழவர் அரற்றுவது வீண்சொல்லன்று. கேடு முன்னரே வயலில் இருந்தது. கண்ணிற் படும் அளவிற்கு வளர்ந்தது மட்டுமே நேற்று நிகழ்ந்தது.

மற்றொன்று: மூன்றாம் நிலைக்குப்பின் புழு குருத்தினுள் ஆழ நுழைந்து, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட குருத்தினுள் தெளிக்கும் மருந்து எளிதிற் செல்லாது. ஒரே குருத்திற் பல புழுக்கள் புகினும், வலியது மெலியதை உண்டுவிடுமாதலின் முடிவில் ஒன்றிரண்டே எஞ்சும். அவ்வொன்றே அச்செடிக்குப் போதிய கூற்றாகும். எனவே புழு சிறிதாய் வெளியில் இருக்கும் நாட்களே உழவனுக்குரிய நாட்கள். அது பெரிதாய் உள்ளே புகுந்தபின் உள்ள நாட்கள் புழுவுக்கே உரியன.

அறிகுறிகள்

இலைகளில் வெள்ளிய மெல்லிய தாள்போன்ற திட்டுக்கள் தோன்றுதல் முதற்குறி. இலை விரியுங்கால் ஒழுங்கற்ற துளைகள் காணப்படுதலும், குருத்தினுள் ஈரமான மரத்தூள் போன்ற எச்சம் குவிந்திருத்தலும் அடுத்த குறிகள். பின்னர்த் தலையிலுள்ள ஆண்பூங்கொத்தும், இறுதியிற் கதிரும் கடியுண்ணும். புழுவை எடுத்து நோக்கின், அதன் முகத்தில் ஆங்கிலத்து ஒய் எழுத்தைத் தலைகீழாக எழுதினாற்போன்ற வெண்கோடும், வாலிற்கு அண்மையிற் சதுரத்தின் நான்கு மூலைகளென அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் புலப்படும். இவ்விரண்டுமே பிற புழுக்களினின்று இதனைப் பிரித்தறியும் அடையாளங்கள்.

காக்கும் நெறிகள்

காவல் விதைக்குமுன்னரே தொடங்கல் வேண்டும். கோடையில் ஆழ உழுதால் மண்ணினுள் உறங்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வரும். வெயில் அவற்றைக் காயச் செய்யும். காகமும் கொக்கும் மைனாவும் எஞ்சியவற்றைக் கொத்தியுண்ணும். கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுமாறு வேளாண் அறிஞர் கூறுவர். விதையை மருந்துடன் கலந்து விதைப்பின், முளைத்த முதற்சில வாரங்கட்கு இளம்பயிர் காப்புடையதாக நிற்கும்.

விதைக்கும் நாளும் கருதற்பாலது. ஓர் ஊரில் ஒருவன் இன்றும், மற்றொருவன் இருபது நாள் கழித்தும், வேறொருவன் ஒரு திங்கள் கழித்தும் விதைப்பாராயின், முதல் வயலிற் பிறந்த அந்துப்பூச்சிக்கு இரண்டாம் வயலிலும் மூன்றாம் வயலிலும் இளங்குருத்து விருந்தாகக் காத்திருக்கும். யாவரும் ஒருங்கே விதைப்பின் அவ்விருந்து தொடராது. வரப்போரங்களிற் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி முதலியவற்றை மூன்று வரிசையாகவும், வயலினுள் உளுந்து அல்லது பாசிப்பயறை ஊடுபயிராகவும் விதைத்தல் நன்று. இவற்றை நாடிவரும் குளவிகளும் பொறிவண்டுகளும் புழுவுக்குப் பகையும் நமக்கு நட்பும் ஆவன.

முளைத்தபின் செய்யவேண்டிய தலையாய பணி வயலைச் சுற்றி வருதலே. வாரத்திற்கு இருமுறையேனும் வயலினுட் கோணல்மாணலாக நடந்து, ஐந்து இடங்களில் இடத்திற்குப் பத்துச் செடிகளாக 50 செடிகளின் குருத்தை விரித்துப் பார்த்தல் வேண்டும். இளம்பயிரில் 100க்கு 5 செடிகள் தாக்குண்டிருப்பின் மருந்து தேவை. அதனிற் குறைவாயின் கையே போதும். முட்டைக் குவியலைக் கண்டவுடன் இலையோடு கிள்ளி நசுக்குவான் ஒருவன், ஒரு விரலசைவில் நூற்றுக்கு மேற்பட்ட புழுக்களை அழித்தவனாவான். இதனினும் எளிய வெற்றி வேறு எக்கருவியாலும் கிட்டுவதன்று. இனக்கவர்ச்சிப் பொறிகளை ஏக்கருக்கு ஐந்தாக வைத்தால், ஆண் அந்துப்பூச்சிகள் அவற்றில் வீழும். பூச்சி வந்துவிட்டது என்னும் செய்தியை அவை முன்கூட்டி அறிவிக்கும்.

முதல் 30 நாட்களுக்குள் மணலையும் சுண்ணாம்பையும் 9:1 என்ற அளவிற் கலந்து குருத்தில் இடுமாறும், பறவைகள் அமர்தற்கு ஏக்கருக்குப் பத்துக் கொம்புகளை நாட்டுமாறும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார் அறிவுறுத்தினர். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, நீரில் ஓரிரவு ஊறவிட்டு வடித்து, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துக் குருத்துக்குள் இறங்குமாறு தெளித்தல், முட்டையும் இளம்புழுவும் உள்ள பருவத்திற்கு ஏற்றது. புழு பெருத்துவிட்டதாயின், 10 கிலோ தவிட்டுடன் 2 கிலோ வெல்லத்தை இரண்டு மூன்று லிட்டர் நீரிற் கரைத்துக் கலந்து, 24 மணிநேரம் புளிக்கவிட்டு, இடுமுன் மருந்து சேர்த்து உருண்டையாக்கிக் குருத்தில் இடுவர். இனிப்பை நாடிவரும் புழு அதனையுண்டு மடியும்.

உயிரைக்கொண்டே உயிரை வெல்லும் முறையும் உண்டு. ட்ரைக்கோகிரம்மா, டெலினோமஸ் என்னும் மிகச்சிறு குளவிகள் படைப்புழுவின் முட்டையினுள் தம் முட்டையை இட்டு, அதனைப் பொரியவொட்டாமற் செய்யும். மெட்டாரைசியம் என்னும் பூஞ்சணம் புழுவின் உடலிற் படிந்து வளர்ந்து அதனைக் கொல்லும். கர்நாடக வயல்களில், மனிதர் ஒருவரும் இடாமலே, இவ்வினப் பூஞ்சணத்தால் மடிந்த புழுக்களை ஆராய்ச்சியாளர் கண்டனர். நாம் அறியாமலே நமக்குதவும் இத்தோழர்களைக் கண்மூடித்தனமாகத் தெளிக்கும் நஞ்சு முதலிற் கொன்றுவிடும் என்பதை மறத்தலாகாது.

கென்யா நாட்டு உழவர் கண்ட நெறி

ஆப்பிரிக்காவில் மக்காச்சோளத்தைத் துளைக்கும் தண்டுத்துளைப்பான்கள் முன்னரே உண்டு. அவற்றுள் ஒன்று ஆசியாவினின்று அங்குச் சென்றது. 1930ஆம் ஆண்டிற் காணப்பட்டது. பூச்சிகள் நம்மிடம் வருதல் மட்டுமன்றி, நம் பக்கத்தினின்றும் செல்லுதலும் உண்டு என்பதற்கு இது சான்று. அத்துளைப்பானைத் தடுத்தற்பொருட்டு, கென்யாவிலுள்ள பன்னாட்டுப் பூச்சியியல் நிலையத்தாரும் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தாரும் 1990க்குப்பின் ஒரு முறையை வகுத்தனர். மக்காச்சோள வரிசைகளின் நடுவே டெஸ்மோடியம் என்னும் பயறுவகைச் செடியை நடுவர். அதன் மணம் அந்துப்பூச்சியை விரட்டும். வயலைச் சுற்றிலும் ஒருவகைத் தீவனப்புல்லை நடுவர். அது பூச்சியைத் தன்பால் ஈர்க்கும். இதனைத் தள்ளி இழுக்கும் முறை எனலாம்.

படைப்புழு வந்தபின், கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் 250 உழவரின் வயல்களில் ஆராய்ந்தபோது, இம்முறையைக் கைக்கொண்ட வயல்களில், தனிமக்காச்சோள வயல்களைவிடச் செடியொன்றிற்குரிய புழுக்கள் 100க்கு 82.7 அளவும், பயிர்ச்சேதம் 100க்கு 86.7 அளவும் குறைந்திருந்தன. இச்செய்தி 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அச்செடியும் புல்லும் ஆடுமாடுகட்குத் தீவனமாகவும் பயன்பட்டன. பகையை ஓட்டும் வேலியே பாலும் தருவதாயின் ஏழை உழவன் அதனை விரும்பாதொழிவனோ?

நஞ்சின் எல்லை

பூச்சிக்கொல்லிகள் வேண்டா என்பது நம் கருத்தன்று. கேடு அளவு கடந்தவிடத்து அவையே பயிரைக் காக்கும். ஆயினும் அவற்றுக்கு எல்லையுண்டு. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பின், அதற்கு மடியாத சில புழுக்கள் எஞ்சி, அவற்றின் வழித்தோன்றல்களே வயலை நிறைக்கும். மருந்தைப் பயிரினுள்ளேயே அமைத்த மரபுமாற்ற மக்காச்சோளத்திற்கும் இந்நிலை நேர்ந்தது. போர்ட்டோ ரிக்கோ தீவில் அத்தகைய ஒருவகைப் பயிரையும் உண்டு வாழும் படைப்புழுக்கள் 2006ஆம் ஆண்டிற் காணப்பட்டமையால், அவ்வகை அங்குக் கைவிடப்பட்டது. எனவே மருந்தை மாற்றி மாற்றித் தெளித்தலும், தேவையறிந்து தெளித்தலும் இன்றியமையாதன. காலையிலேனும் மாலையிலேனும், குருத்தை நோக்கி, காற்றடிக்கும் திசைக்கு எதிர்நில்லாது, முகமும் கையும் மூடித் தெளித்தல் வேண்டும். பயிரைக் காக்கப் புகுந்தவன் தன்னுயிரை இழத்தல் கூடாதன்றோ?

இன்னுமொன்று. இலையிற் கண்ட துளையெல்லாம் இழப்பாகிவிடாது. மக்காச்சோளம் இளமையிற் பட்ட ஊறு சிலவற்றைத் தானே ஆற்றிக்கொண்டு தழைக்கும் ஆற்றலுடையது. சில துளைகளைக் கண்டு அஞ்சிக் கடன்வாங்கி மருந்து தெளிப்பவன், புழுவால் இழப்பதைவிட மருந்தால் மிகுதியும் இழத்தல் கூடும். எட்டு வாரங் கடந்து பூ வெளிப்பட்ட பயிருக்குத் தெளிக்கும் மருந்து, அதற்கான செலவைத் திருப்பித் தருவதில்லை என்பதும் ஆராய்ச்சியாளர் கூற்று. அஞ்சாமையும் அறியாமையும் வேறுவேறு. அவ்வாறே அச்சமும் விழிப்பும் வேறுவேறு. உழவனுக்கு வேண்டுவது விழிப்பே.

நம் கடமை

இதுகாறும் கூறியவற்றால், படைப்புழுவை நம் நாட்டைவிட்டு முற்றும் ஒழித்தல் இனி இயலாது என்பதும், அதனுடன் வாழ்ந்துகொண்டே விளைவைக் காத்தல் இயலும் என்பதும் விளங்கும். அதற்கு வேண்டும் முதற்பொருள் விலைகொடுத்து வாங்குவதன்று. உரிய நாளிற் பயிரின் குருத்தை விரித்து நோக்கும் கண்ணே அது. இரண்டாவது வேண்டுவது ஒற்றுமை. அந்துப்பூச்சி வரப்பை அறியாது, பட்டாவும் அறியாது. ஒருவன் விழித்திருக்க அயலான் உறங்குவானாயின் இருவர் வயலும் கெடும். ஊர் முழுவதும் ஒருங்கே விதைத்து, ஒருங்கே நோக்கி, ஒருங்கே தடுக்குமாயின் ஒருவர் வயலும் கெடாது.

நம் கல்லூரி மாணாக்கருட் பலர் உழவர் குடியினர். அறிவியற் செய்திகள் பலவும் பிறமொழியில் எழுதப்பெற்று, படித்தார் மேசைமீதே தங்கிவிடுகின்றன. அவற்றை ஊரார் வழங்கும் தமிழிற் சொல்லி வரப்பின்மேல் சேர்ப்பித்தல், மொழி பயின்ற நமக்கு உரிய தொண்டாகும். விடுமுறைக்கு ஊர் செல்வோர் ஒருநாட் காலையில் தந்தையுடனோ தாத்தாவுடனோ வயலிற் சென்று, 50 செடிகளின் குருத்தை எண்ணிப் பார்த்து வருவாராக. தலைகீழாக எழுதிய அவ்வெண்கோட்டை வீட்டிலுள்ள சிறார்க்கும் காட்டித் தருவாராக. புனங்காத்த மரபினர் நாம். அம்மரபு ஏட்டளவில் நின்றுவிடாது, வயலிலும் வாழ்வதாகுக.